வார்டன் அறையிலிருந்து வீட்டுக்குப் போகும் போன்

ஒரு கல்லூரி பால்புதுமையரை, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோரை, எப்படி நடத்துகிறது என்று தெரிந்துகொள்ள, ஜூன் மாதம் அங்கே வானவில் கொடி கட்டுகிறார்களா என்று நான் பார்ப்பதில்லை. ஒரு மாணவிக்கு இன்னொரு மாணவியைப் பிடித்திருக்கிறது என்ற பேச்சு வார்டன் காதுக்குப் போனால், அவர் முதலில் யாருக்குப் போன் போடுவார் என்று விசாரிப்பேன். “வேற யாருக்கு, வீட்டுக்குத்தான்” என்று பதில் வந்தால், அந்த வளாகத்தில் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. அந்த ஒரு போனில் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுவிடும். நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் தன்பாலீர்ப்புள்ள பெண். தென்மாவட்டத்தில் ஒரு மகளிர் கல்லூரியில், விடுதியில் தங்கி பி.எஸ்சி. கணிதம் படித்தேன். அப்புறம் சென்னையில் எம்.எஸ்சி., அதைத் தொடர்ந்து ஆராய்ச்சி. இப்போது மேற்கு மாவட்டம் ஒன்றில் சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். என்னைப் பற்றி என் துறையில் சிலருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியாது. இந்தக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மாணவர்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் விடுதியில் சேர்ந்தது 2014 ஜூனில். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. ஏப்ரல் 15ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றம், நால்சா வழக்கில், திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்று, கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீடு தரச் சொல்லியிருந்தது. இந்த இரண்டில் எதுவும் எங்கள் விடுதி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அறைக்கு நான்கு கட்டில், இரவு எட்டு மணிக்கு அட்டெண்டன்ஸ், மாலையில் மட்டும் கொஞ்ச நேரம் போன். சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் ஒன்று, ஒரே கட்டிலில் இருவர் படுக்கக் கூடாது என்பது. காரணம் எழுதியிருக்காது. எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலில் கிடந்த தோழியின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் துணி போட்டுக்கொண்டிருந்தவளைக்கூட எழுப்பி விசாரித்திருக்கிறார்கள்.

எங்கள் தளத்தில் மூன்றாம் ஆண்டு அக்காக்கள் இருவர் இருந்தார்கள். அதில் ஒருவர் எங்களுக்கு மெய்ப் பகுப்பாய்வு சொல்லித் தருவார். எப்சிலான், டெல்டா என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்த இடத்தில், ஒரு பழைய ரெக்கார்ட் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு அவர் புரிய வைத்த விதத்தில்தான் இன்றைக்கும் நான் என் மாணவர்களுக்கு அதை நடத்துகிறேன். அவர் மற்றவருக்கு எழுதிய கடிதம் ஒன்று யார் கையிலோ சிக்கி வார்டனிடம் போனது. அன்றிரவே இரண்டு வீட்டுக்கும் போன் போனது. “போலீஸ் கேஸ் ஆயிடும், பார்த்துக்கோங்க” என்று வார்டன் சொன்னது நடைபாதை வரைக்கும் கேட்டது. விடிந்ததும் ஒருவரின் அப்பாவும் மாமாவும் வேன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு அக்கா செமஸ்டர் தேர்வு எழுத மட்டும் வந்தார், தேர்வு முடியும்வரை அவருடைய அம்மா வாசலில் காத்திருந்தார். எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்த அக்கா வரவே இல்லை. ஆடி பிறப்பதற்குள் கல்யாணம் முடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

அந்த வார்டன் கெட்டவர் இல்லை. வேனில் ஏறும்போது அந்தப் பெண்ணுக்கு வழிக்கு இட்லி கட்டிக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தார். பெற்றோர் நம்பி விட்டிருக்கிறார்கள், நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தான் கடமையைச் செய்வதாக அவர் முழுமனதோடு நம்பினார். இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான். நம் கல்லூரிகளில் பெரும்பாலான தீங்கு வெறுப்பால் நடப்பதில்லை. பதினெட்டு வயது முடிந்த ஒருவரைப் பற்றிய அந்தரங்கச் செய்தியை அவரைக் கேட்காமல் அடுத்தவருக்குச் சொல்லக் கூடாது என்று யாரும் அந்த வார்டனுக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் போனுக்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்கவும் யாரும் அவரைப் பழக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்றாண்டும் நான் யாரிடமும் நெருங்கவில்லை. நல்ல மதிப்பெண் எடுத்தேன். கிராப் வெட்டியிருந்த வகுப்புத் தோழி ஒருத்தியை எல்லோரும் ‘அண்ணே’ என்று கூப்பிட்டார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். அது அவளுக்குப் பிடித்திருந்ததா, வலித்ததா என்று யாரும் கேட்டதில்லை.

சென்னைக்கு வந்தபோது எதுவும் உடனே மாறிவிடவில்லை. மாற்றம் ஒரு வகுப்பறையில் தொடங்கியது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில், வயதுவந்த இருவர் விருப்பத்தோடு கொள்ளும் உறவு குற்றமில்லை என்றது. அதற்கு மறுநாள் அளவைக் கோட்பாடு எடுக்கும் பேராசிரியர் வழக்கம்போல் வந்தார், கரும்பலகையைத் துடைத்தார், பாடத்தைத் தொடங்கும் முன் சொன்னார்: “நேத்து ஒரு முக்கியமான தீர்ப்பு வந்திருக்கு. இந்த வகுப்புல யாருக்காவது அது சொந்த விஷயமா இருந்தா, என் அறைக்கு வரலாம். அங்க பேசுறது வெளிய போகாது.” அவ்வளவுதான். உடனே தேற்றத்துக்குப் போய்விட்டார்.

நான் அன்றைக்குப் போகவில்லை. பல மாதம் கழித்துத்தான் போனேன். ஆனால் போகலாம் என்று ஓர் இடம் இருப்பது தெரிந்ததே என்னைத் தாங்கியது. ஆசிரியராக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். யார் அப்படி, யார் இப்படி என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டாம், யாரையும் தனியே அழைத்துக் கேட்கவே வேண்டாம். வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். கேட்க வேண்டியவர் காதில் அது விழுந்துவிடும். சொன்னபடி நடந்துகொண்டால் போதும்.

பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குப் போனபோது நான் கேட்ட முதல் கேள்வி, “இங்க சொல்றது வீட்டுக்குப் போகுமா?” அங்கிருந்த ஆலோசகர் மழுப்பவில்லை. என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று அவருக்குத் தோன்றினால் தவிர, துறைக்கும் சொல்ல மாட்டார், வீட்டுக்கும் சொல்ல மாட்டார், அப்படிச் சொல்ல வேண்டி வந்தாலும் முதலில் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார் என்றார். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. பாலீர்ப்பைக் காரணம் காட்டிச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. எந்தக் கல்லூரி ஆலோசகரிடம் போனாலும் உங்கள் கதையைச் சொல்வதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் தேர்வுப் பயம், தூக்கம் வரவில்லை என்று ஏதாவது பேசிவிட்டு எழுந்து வந்துவிடலாம். அதில் தவறே இல்லை.

“மாத்திடலாம்” என்று சொல்லும் மருத்துவரோ ஆலோசகரோ எதிரே உட்கார்ந்திருந்தால் அங்கே ஒரு நிமிடம்கூட இருக்க வேண்டாம். தன்பாலீர்ப்பு நோய் அல்ல என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இலேயே சொல்லிவிட்டது. மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுப்பது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது. அதே ஆணையம் 2024இல் வெளியிட்ட மருத்துவப் பாடத்திட்ட வழிகாட்டியில் பெண் தன்பாலீர்ப்பு மறுபடியும் பாலியல் குற்றங்களின் பட்டியலில் வந்து நின்றது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நாளைய மருத்துவர்கள் படிக்கும் வளாகத்திலேயே இந்த ஊசலாட்டம் என்றால் மற்ற வளாகங்களில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில்தான் ஓரினம் என்ற குழுவின் பழக்கம் கிடைத்தது. 2003இலிருந்து இயங்கும் குழு. அவர்களுடைய இணையதளத்தில் பெற்றோருக்குச் சொல்வது எப்படி என்பதிலிருந்து சட்ட விவரங்கள் வரை தமிழிலேயே படிக்கக் கிடைக்கும். வளாகங்களுக்குள் இயங்கும் மாணவர் குழுக்களைப் பற்றியும் அங்கே வந்தவர்கள் மூலம் கேள்விப்பட்டேன். சென்னை ஐஐடியில் வண்ணம் இருக்கிறது. மும்பை ஐஐடியில் சாத்தி 2011இலிருந்தே இருக்கிறது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2018இல் பாலினம் பார்க்காத விடுதி வசதியைத் தொடங்கியது. ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம், ஒரு மாணவர் கேட்டதன் பேரில், பெயருக்கு முன்னால் பாலினம் குறிக்காத முன்னொட்டோடு 2015இலேயே சான்றிதழ் கொடுத்தது. இதையெல்லாம் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இவை நுழைவுத் தேர்வைத் தாண்டி வந்தவர்களின் வளாகங்கள், கூட்டம் நடப்பதும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். எங்கள் விடுதியில் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்த அக்காவுக்கு அந்த வாசல் தெரிந்திருக்க வழியில்லை. தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் படிப்பது அரசுக் கலைக் கல்லூரிகளிலும், உதவி பெறும் கல்லூரிகளிலும், புறவழிச்சாலை ஓரத்துச் சுயநிதிக் கல்லூரிகளிலும்தான். அங்கே என்ன நடக்கிறது என்பதே முக்கியக் கேள்வி.

சாதியை விட்டுவிட்டு இதைப் பேசவும் முடியாது. கிரேஸ் பானு தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் இடம் பெற்ற முதல் திருநங்கை, தலித். பள்ளிக் காலத்தில் சாதிக்காகவும் பாலினத்துக்காகவும் எப்படி ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டார் என்பதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். திருநங்கை தாரிகா பானு சித்த மருத்துவம் படிக்க 2017இல் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025இல் முனைவர் ஜென்சி லயோலா கல்லூரியில் ஆங்கிலத் துறை உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த செய்தி வந்த அன்று எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். ஒரு திருநங்கை பேராசிரியராக முடியும் என்று மாணவர்கள் பார்ப்பது ஒருபக்கம் இருக்கட்டும், சக ஆசிரியர்கள் பார்த்தது எனக்குப் பெரிதாகப் பட்டது. அதற்கு முன் அவர்கள் அறிந்த திருநங்கையர் எல்லோரும் ரயிலிலும் சிக்னலிலும் பார்த்தவர்கள்தான்.

இனி ஆசிரியராக நான் கற்றுக்கொண்டவை. என் வகுப்பில் ஒரு திருநம்பி படித்தான். சான்றிதழில் பெண் பெயர், சேர்க்கைப் படிவத்தில் பெண். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பீரியடிலும் அந்தப் பெயர் உரக்கக் கேட்கும். அவன் பதில் சொல்ல மாட்டான், கையை மட்டும் தூக்குவான். ஒழுங்கீனம் என்று ஓர் ஆசிரியர் வெளியே நிற்க வைத்தார். நான் அவரிடம் பெரிய விளக்கமெல்லாம் கொடுக்கவில்லை. பதிவெண்ணின் கடைசி மூன்று எண்ணைக் கூப்பிட்டால் நேரம் மிச்சமாகும் என்றேன். துறை முழுக்க அப்படியே மாறியது. யாருடைய ரகசியமும் வெளியே வரவில்லை, எந்த அனுமதியும் வாங்க வேண்டியிருக்கவில்லை. அவன் உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாளில் தலைப்பெழுத்தை மட்டும் எழுத ஆரம்பித்தான், அதையும் யாரும் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் கழிப்பறை. காலை ஒன்பது மணிக்கு வருபவன் மாலை நான்கு வரை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறான். சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவமனைக்குப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பெண்கள் கழிப்பறையில் அவனைப் பார்த்துக் கூச்சல், ஆண்கள் கழிப்பறையில் பயம். புதிதாகக் கட்ட வேண்டும் என்றால் நிர்வாகம் பட்ஜெட் இல்லை என்று கையை விரிக்கும். அதனால் அந்தக் கோரிக்கையோடு நான் போகவில்லை. நூலகத்துக்குப் பின்னால் ஊழியர்களுக்கென்று பூட்டி வைத்திருந்த ஒற்றைக் கழிப்பறை ஒன்று இருந்தது. அதைத் திறந்து, ‘அனைவருக்கும்’ என்று ஒரு பலகை மாட்டச் சொன்னேன். இப்போது அதை மாதவிடாய் நேரத்தில் அவசரமாக ஓடிவரும் மாணவிகளும் பயன்படுத்துகிறார்கள், வயதான உதவியாளர் அண்ணனும் பயன்படுத்துகிறார். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையை எடுத்து இதற்குக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கப் பார்ப்பார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பெயர் மாற்றம் கல்லூரி மட்டத்தில் முடியாது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் இருப்பதைத்தான் ஹால் டிக்கெட்டில் அடிக்கும். பட்டச் சான்றிதழிலும் அதுவே வரும். ஆகவே வேலையை அடியிலிருந்து தொடங்க வேண்டும். 2019ஆம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றும் அட்டையும், அரசிதழில் பெயர் மாற்றம், அப்புறம் ஆதார், அதன் பிறகு பள்ளிச் சான்றிதழ், கடைசியாகப் பல்கலைக்கழகம். விதிமுறைகள் மாறக்கூடியவை, எனவே விண்ணப்பிக்கும் நேரத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் ஒருமுறை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இறுதியாண்டு வரை காத்திருக்கக் கூடாது. பட்டம் பழைய பெயரில் அச்சாகி வந்துவிட்டால் வேலைக்குப் போகும் ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பணம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். உயர்கல்வி படிக்கும் திருநர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2024 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். திருநங்கைகள் நல வாரியம் 2008இலிருந்து இருக்கிறது. எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கட்டணப் பிரிவில் இருந்தவருக்கு இந்த அறிவிப்பே தெரிந்திருக்கவில்லை. செய்தித்தாள் நறுக்கைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் விசாரித்தார்.

கேலி, துன்புறுத்தல் விஷயத்தில் உங்கள் கையில் வலுவான ஆயுதம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுக்கிறார்களே, அதற்கு அடிப்படையான யுஜிசி ஒழுங்குமுறை 2009இல் வந்தது. 2016இல் அதைத் திருத்தி, சாதி, மதம், நிறம், மொழி ஆகியவற்றோடு திருநர் உள்ளிட்ட பாலினத்தையும் பாலீர்ப்பையும் சேர்த்தார்கள். இவற்றை வைத்து ஒருவரை உடலாலோ மனதாலோ துன்புறுத்தினாலும், ஒதுக்கி வைத்தாலும் அது ராகிங். முதலாமாண்டு மாணவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வகுப்பில் ஒருவனை ‘ஒம்போது’ என்று தினமும் கூப்பிடுவது விளையாட்டு என்று துறைத்தலைவர் சொன்னால், அந்தத் திருத்தத்தை அச்சிட்டு மேசையில் வையுங்கள். தேசிய ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522, எந்த நேரமும் இயங்கும். பாலியல் சீண்டல் என்றால் உள்புகார்க் குழுவுக்குப் போகலாம். யுஜிசியின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, மாணவிகளோடு, மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும்கூட பாதிக்கப்படலாம் என்று சொல்லியே அந்தக் குழுவை அமைக்கச் சொல்கிறது.

புகார் எழுதும்போது நீங்கள் யார் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. இதை மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வேன். “நான் தன்பாலீர்ப்பாளர், என்னைக் கேலி செய்கிறார்கள்” என்று எழுதாதீர்கள். இன்ன தேதி, இன்ன இடம், இன்னார் என்னை இப்படி அழைத்தார், பார்த்தவர்கள் இன்னார் என்று எழுதுங்கள். நடந்தது குற்றம், அது யாருக்கு நடந்திருந்தாலும் குற்றம். அப்படி எழுதிய கடிதம் வீட்டுக்குப் போனாலும் அதில் உங்களைப் பற்றிய செய்தி எதுவும் இருக்காது. நகல் ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, போன் போய்விட்டது, வீட்டுக்குத் தெரிந்துவிட்டது என்றால்? இதைப் பற்றி யோசிக்கவே பயமாக இருக்கும், ஆனாலும் அப்படி நடக்கும் முன்பே செய்து வைக்க வேண்டியவை சில உண்டு. சான்றிதழ்கள், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வீட்டில் யாரும் திறக்க முடியாத மின்னஞ்சலில் வையுங்கள். அசல் சான்றிதழ்கள் கல்லூரியிலேயே இருந்தால் யாரிடம், எந்த அலமாரியில் இருக்கின்றன என்று தெரிந்து வைத்திருங்கள். உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். நம்பிக்கையான ஒரு தோழியிடம் வீட்டு முகவரியைக் கொடுத்து, இத்தனை நாள் என்னிடமிருந்து செய்தி இல்லையென்றால் இன்னாரிடம் சொல் என்று பேசி வையுங்கள். அடைத்து வைத்தால் பெண்கள் 181ஐ அழைக்கலாம், யாராக இருந்தாலும் 112 உண்டு.

நீதிமன்றமும் நம் பக்கம் நின்றிருக்கிறது. 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்களைப் பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தபோது, அந்தப் பெண்கள் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். இந்த விஷயத்தில் தனக்குப் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓர் உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவு எழுதினார். காவல்துறை தொந்தரவு செய்யக் கூடாது, பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று கொடுக்கும் சிகிச்சைக்குத் தடை என்பதோடு, கல்வி நிலையங்களுக்கும் அதில் பகுதி இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்குப் புரிய வைக்க வேண்டும், பாலினம் பார்க்காத கழிப்பறை வேண்டும், ஆவணங்களில் பெயரும் பாலினமும் மாற்ற வழி வேண்டும், படிவங்களில் திருநருக்கான கட்டம் வேண்டும், இந்தப் பிள்ளைகளையும் அரவணைக்கும் ஆலோசகர்கள் வேண்டும் என்கிறது. 2025 மே மாதம் உயர் நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, வீட்டில் பிடித்து வைக்கப்பட்டிருந்த 25 வயதுப் பெண்ணை விடுவித்து, அவர் விரும்பியவரோடு போகலாம் என்றது. குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டும் அமைவதல்ல என்றும் சொன்னது. எனக்குக் கணக்குச் சொல்லித் தந்த அக்காவுக்கு இது பல ஆண்டு தாமதம். செய்தியைப் படித்த அன்று அவர் நினைவாகவே இருந்தது.

கல்லூரிகளில் விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பேனர் அடிப்பார்கள், ஒரு திருநங்கையை அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள், அவருடைய வாழ்க்கைத் துயரத்தைச் சொல்லச் சொல்வார்கள், மாணவிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், போட்டோ எடுத்து அறிக்கையில் சேர்ப்பார்கள். வந்தவருக்குப் பஸ் காசுகூடக் கொடுக்காமல் அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். மற்ற சிறப்பு விருந்தினருக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தை இவருக்கும் கொடுங்கள். துயரக் கதை கேட்பதற்குப் பதில் அவர் எந்தத் துறையில் வேலை செய்கிறாரோ அதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்தில் யார் உட்கார வேண்டும் என்று யோசியுங்கள். மாணவர்களைவிட அதைக் கேட்க வேண்டியவர்கள் விடுதிக் காப்பாளர்கள், அலுவலக கிளார்க்குகள், வாசல் காவலர், கல்லூரிப் பேருந்து ஓட்டுநர்கள். ஒரு மாணவர் தினமும் சந்திப்பது அவர்களைத்தான், முதல்வரை அல்ல.

எங்கள் கல்லூரியில் வார்டன்கள், உதவி வார்டன்களோடு சேர்ந்து உட்கார்ந்து நீண்ட நேரம் பேசினோம். மூத்த வார்டன் ஒருவர், “நாளைக்கு அந்தப் பொண்ணோட அப்பா வந்து ஏன் சொல்லலேன்னு கேட்டா நான் என்ன சொல்றது மேம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தனியாளாக அவரை நிற்க வைத்தால் அவர் போன் போடத்தான் செய்வார். கல்லூரி அவருக்குப் பின்னால் எழுத்தில் நிற்க வேண்டும். உடல்நலக் கேடு, விபத்து, உயிராபத்து, அனுமதியின்றி இரவில் வெளியே தங்குவது ஆகியவற்றை மட்டும் வீட்டுக்குத் தெரிவிக்கலாம், மாணவியின் நட்பு, காதல், பாலினம், பாலீர்ப்பு பற்றிய எதையும் அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் தெரிவிக்கக் கூடாது, சந்தேகம் வந்தால் முதலில் ஆலோசகரிடம் பேச வேண்டும் என்று ஒரு வரைவு எழுதினோம். அந்த வார்டனே அதில் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: வீட்டுக்குத் தெரிவிக்கும் எந்தச் செய்தியையும் முதலில் மாணவியிடம் சொல்லிவிட்டு, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தெரிவிக்க வேண்டும். ஆண்கள் விடுதிக்கும் அதே விதி. 2021 உத்தரவின் நகலை இணைத்து முதல்வரிடம் கொடுத்திருக்கிறோம். புதிய மாணவர்கள் சேரும் முன் நடக்கும் விடுதிக் குழுக் கூட்டத்தில் அது முடிவாக வேண்டும். வரைவைத் தங்கள் கல்லூரிக்கும் கேட்ட ஆசிரியர்கள் சிலருக்கு அனுப்பியிருக்கிறேன். அவரவர் விடுதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்த வார்டன் சேர்த்த வரியை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.